உதவியாளர், யாருக்கு?

‘பார்பேக்’ என்ற ஆங்கிலச் சொல் நம் மொழிபெயர்ப்புகளில் ‘மதுக்கூட உதவியாளர்’ ஆகிவிடுகிறது. இலக்கணப்படி பிழையில்லை. இப்போது சொந்தக் கதைகளிலும் அச்சொல் தலைகாட்டுகிறது. அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ அது எந்த மனிதன்மீதும் பொருந்தாது என்பது என் கட்சி.

ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால் ஓர் ஏற்பாடு இருக்கிறது. மது கலந்து கொடுப்பவன் முன்னால் நிற்கிறான். ஐஸ், கழுவிய கிளாஸ், புது பாட்டில் என்று கொண்டுவந்து சேர்ப்பவன் பின்னால் ஓடுகிறான். முன்னவனுக்கு விழும் டிப்ஸில் இவனுக்கும் பங்குண்டு. நம் டாஸ்மாக் பாரில் கலந்து கொடுப்பவனே கிடையாது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை அரசு நிறுவனத்தின் கைக்கு வந்தது. பாட்டிலைக் கடை ஜன்னலில் வாங்குகிறோம். கலப்பது குடிப்பவன் வேலை. பிறகு ‘உதவியாளர்’ யாருக்கு?

ஆனால் வேலை இருக்கிறது. தண்ணீர், கிளாஸ், சுண்டல், ஆம்லெட், காலி பாட்டில், வாந்தி. கடைக்குள் இருப்பவர்களுக்கு மேற்பார்வையாளர், விற்பனையாளர், உதவி விற்பனையாளர் என்று பதவிப் பெயர்கள். பாரில் தனியாருக்கு டெண்டர் விட்டதோ தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவுமான உரிமை. சேகரிப்பது காகிதத்தில் ஏறிவிட்டது, சேகரிப்பவன் ஏறவில்லை. அவனை நாம் ‘பையன்’ என்கிறோம். ஆவடிப் பக்கம் நான் பார்த்த பையன்களில் பேரன் எடுத்தவர்களும் உண்டு. ஆங்கிலேயனும் இதில் யோக்கியனில்லை. அவனுடைய பழைய மதுக்கடைகளில் இந்த ஆளுக்குப் பெயர் ‘பாட்பாய்’.

‘பையன்’ கொச்சை, ‘எடுபிடி’ வசவு என்பார்கள். ஆம், வசவுதான். எடுப்பதும் பிடிப்பதும் ஒரு சமூகத்தில் எப்படி வசவாயிற்று என்பதல்லவா கதை எழுதுகிறவன் பார்க்க வேண்டிய இடம்? ‘ஆளர்’ விகுதியைப் பூசினால் வசவு மறைகிறது. கூடவே ஆளும் மறைந்துபோகிறான்.

இதே தொண்டை நாட்டைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கள் காய்ச்சும் பெண்கள் கிண்ணம் கழுவிய நீர் வழிந்து சேறாகிறது; பன்றிகள் அதில் புரள்கின்றன. உருத்திரங்கண்ணனார் பதவிப் பெயர் தேடவில்லை. செய்யும் வேலையைச் சொன்னார், ஆட்கள் கண்ணில் தெரிகிறார்கள்.

அமெரிக்கக் கதையில் ‘பார்பேக்’ அப்படியே இருக்கட்டும். அவன் அந்த ஊர்க்காரன். நம் கதையில் ‘பையன்’ என்றே எழுதுங்கள், அவனுடைய நரையையும் சேர்த்து எழுதுங்கள். படிக்கிறவனுக்குக் கூசினால் கூசட்டும்.