மானிட்டர் சொல்லும் சதவீதம்

கம்ப்யூட்டரும் வாங்கி, இன்டர்நெட் இணைப்பும் கொடுத்தாயிற்று என்றால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது ராசிபலன். அடுத்தது வியாதி. சென்ற மாதம் என் மாமா (வயது 66) கையில் ஒரு பிரிண்ட் அவுட்டுடன் வந்தார். தன் ரத்தப் பரிசோதனையில் வந்த பி.எஸ்.ஏ. அளவை பிராஸ்டேட் புற்றுநோய் கால்குலேட்டர் ஒன்றில் டைப் செய்திருக்கிறார். பெரிய சதவீதம் வந்து நின்றிருக்கிறது. இரண்டு நாளாகத் தூக்கமில்லை.

வாங்கிப் பார்த்தேன். 4.2 என்பதை 42 என்று அடித்திருந்தார்! புள்ளியைச் சேர்த்ததும் எண் மளமளவென இறங்கியது.

சரி, இறங்கிய எண்ணை மட்டும் அப்படியே நம்பலாமா?

பி.எஸ்.ஏ. 4-க்குள் இருந்தால் பயமில்லை என்றுதான் முன்பு நினைத்தார்கள். 2004-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், 4-ஐத் தாண்டாத 2950 பேரில் 15.2 சதவீதம் பேருக்குப் புற்று இருந்தது. ஒற்றை எல்லைக்கோடு உதவாது என்று தெரிந்ததும், வயது, குடும்ப வரலாறு, மருத்துவர் தொட்டுப் பார்த்த முடிவு ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடும் கால்குலேட்டர் 2006-ல் வந்தது. அதற்கு ஆதாரம் அதே தடுப்பு ஆய்வில் இருந்த 5519 ஆண்கள். எல்லோரும் 55 வயதைத் தாண்டியவர்கள், பெரும்பாலும் வெள்ளையர்கள். ஆய்வில் சேரும்போது பி.எஸ்.ஏ. 3-க்கு மேல் இருந்தவர்களைச் சேர்க்கவே இல்லை. நம் ஊர் மாமாவுக்கும் அந்தக் கணக்கு பொருந்துமா என்பதை வேறு ஆட்களிடம் சோதித்துத்தான் சொல்ல முடியும்.

சோதனையில் இரண்டு கேள்விகள் உண்டு. புற்று உள்ளவருக்கு, இல்லாதவரைவிட அதிக எண் தருகிறதா? இது ஒன்று. 20 சதவீதம் என்று சொன்ன 100 பேரில் உண்மையிலேயே சுமார் 20 பேருக்குப் புற்று இருந்ததா? இது மற்றொன்று. முதலாவதில் நன்றாகத் தேறிவிட்டு இரண்டாவதில் கோட்டை விடும் கால்குலேட்டர்கள் உண்டு. வரிசை சரியாக இருக்கும், ஆனால் எல்லா எண்ணும் கூடுதலாக இருக்கும். மாமாவைத் தூங்க விடாமல் செய்வது இரண்டாவது தவறுதான். தேவையில்லாமல் ஊசி குத்தித் திசு எடுக்க வைப்பதும் அதுவே.

மளிகைக் கடைத் தராசுக்குக்கூட முத்திரை கேட்கிறோம். எத்தனை பேரிடம், எந்த நாட்டில் சோதித்தார்கள், சொன்னது எவ்வளவு, வந்தது எவ்வளவு என்பதை 'கால்குலேட்' பட்டனுக்குப் பக்கத்திலேயே போட வேண்டும் என்பது என் கருத்து. ஆய்வுக் கட்டுரையில் இருக்கிறது என்பார்கள். அதை மாமா எங்கே போய்ப் படிப்பார்?

டாக்டரிடம் அழைத்துப் போனேன். அவர் பிரிண்ட் அவுட்டை ஓரமாக வைத்துவிட்டு, சமீபத்தில் சிறுநீர்த் தொற்று ஏதும் வந்ததா என்று கேட்டார். வந்திருந்தது. தொற்று இருந்தாலும் பி.எஸ்.ஏ. ஏறுமாம். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்கச் சொல்லியிருக்கிறார். கால்குலேட்டரில் அந்தக் கேள்விக்குக் கட்டமே இல்லை.