கல்யாணத்தை விற்கிறார்கள்!

நாகர்கோவில் மணிமேடைப் பக்கம் போகிறவர்கள் அண்ணாந்து பாருங்கள். கண்ணில் படுவது ஒரு நகை விளம்பரமாக இருக்கும். அதில் ஒரு மணப்பெண். கழுத்து நிறைய ஆரம். கை நிறைய வளையல். பக்கத்தில் அப்பா. அவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர்!

பார்த்ததும் மனம் இளகுகிறது. "நம் மகளும் இப்படி நிற்கவேண்டும்" என்று தோன்றுகிறது.

அந்தப் பெண்ணும் அப்பாவும் சம்பளத்துக்கு நடித்தவர்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கிறார். அவர்தான் விளம்பரத்தை எழுதியவர். அவரை நாம் பார்ப்பதே இல்லை.

அவரைக் காட்டிய டெலிவிஷன் நாடகம் ஒன்று உண்டு. பெயர் "மேட் மென்". 2007 முதல் 2015 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பானது. மொத்தம் 92 பகுதிகள். சிறந்த நாடகத்துக்கான எம்மி பரிசை 2008 முதல் 2011 வரை தொடர்ந்து 4 முறை பெற்றது.

பொய்ப் பெயர்க்காரர்

நியூயார்க் நகரில் மேடிசன் அவென்யூ என்று ஒரு தெரு. விளம்பரக் கம்பெனிகளுக்குப் பேர்போன தெரு அது. அங்கே 1960-களில் வேலை பார்த்தவர்களின் கதைதான் இது.

கதாநாயகன் டான் டிரேப்பர். அழகன், பேச்சில் மன்னன். ஆனால் அவன் பெயரே பொய்! கொரியப் போரில் செத்துப்போன ஓர் அதிகாரியின் பெயரைத் திருடி வைத்துக்கொண்டு வாழ்கிறான்.

ஒரு நாள் கோடக் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள். புகைப்படங்களைத் திரையில் காட்டும் கருவியை விற்கவேண்டும். டான் தன் சொந்தக் குடும்பப் படங்களையே அதில் போட்டுக் காட்டுகிறான். மனைவி சிரிக்கிறாள். குழந்தைகள் விளையாடுகிறார்கள். பார்த்தவர்கள் உருகிப்போகிறார்கள். வியாபாரம் முடிகிறது!

அவன் வீட்டுக்குத் திரும்புகிறான். வீடு காலி. மனைவியும் மக்களும் அவனை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள்.

ஊருக்கெல்லாம் குடும்பப் பாசத்தை விற்றவன், படிக்கட்டில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். அவன் கெட்டவன் என்று நாடகம் சொல்லவில்லை. நல்லவன் என்றும் சொல்லவில்லை. தனக்குக் கிடைக்காததை அவன் பிறருக்கு விற்கிறான். அவ்வளவுதான்.

கல்யாணம் செய்யாத பிரான்சிஸ்

இது கற்பனைக் கதை. உண்மையிலும் இப்படி நடந்திருக்கிறது.

டி பியர்ஸ் என்பது உலகப் புகழ் பெற்ற வைரக் கம்பெனி. அதற்கு விளம்பரம் எழுதியவர் பிரான்சிஸ் ஜெரெட்டி என்ற பெண்மணி. 1947-இல் அவர் ஒரே ஒரு வரி எழுதினார். "வைரம் என்றென்றும் நிலைத்திருக்கும்" என்பது அதன் பொருள். நிச்சயதார்த்தம் என்றால் வைர மோதிரம் போடவேண்டும் என்ற எண்ணம் அமெரிக்காவில் வேரூன்ற அந்த விளம்பரங்கள் பெரிய காரணம். 20-ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த விளம்பர வாசகம் என்று அதை 1999-இல் ஒரு விளம்பரத் தொழில் பத்திரிகை தேர்ந்தெடுத்தது.

அந்த வரியை எழுதிய பிரான்சிஸ் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை!

நம் ஊர்க் கணக்கு

அங்கே வைரம், இங்கே தங்கம்.

நாஞ்சில் நாட்டில் பெண் பேசப் போனால், "எத்தனை பவுன்?" என்ற கேள்வி வராமல் இருப்பது அபூர்வம். இந்த வழக்கத்தை விளம்பரம் உண்டாக்கவில்லை. அது முன்பே இருந்தது. விளம்பரம் அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டியது. நகை போடுவதுதான் அன்பு என்றது. அப்படியானால் போட முடியாத அப்பாவுக்கு அன்பு இல்லையா?

கணக்குப் பாருங்கள். 2025-இல் ஒரு பவுன் 90 ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. அந்த விலையில் 50 பவுன் என்றால் 45 லட்சம் ரூபாய்! செய்கூலி, சேதாரம், வரி எல்லாம் தனி. நகையைத் திரும்ப விற்கப் போனால் செய்கூலி கிடைக்காது.

வயலை விற்கிறார்கள். தென்னை விளையை ஒற்றி வைக்கிறார்கள். அந்த ஒற்றிச் சீட்டு எந்த விளம்பரப் பலகையிலாவது இருக்கிறதா?

சட்டம் என்ன சொல்கிறது?

வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-இல் வந்தது. வரதட்சணை வாங்குவதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். குறைந்தது 5 ஆண்டு சிறை. கேட்காமல் மகளுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு விலக்கு உண்டு. ஆனால் அதைப் பட்டியல் எழுதி வைக்கவேண்டும். "மகளைக் கட்டிக்கொண்டால் இவ்வளவு பணம், இவ்வளவு சொத்து தருகிறேன்" என்று பத்திரிகையில் விளம்பரம் செய்வதும் குற்றம். அந்தப் பிரிவு 1986-இல் சேர்ந்தது.

எழுத்தில் சொன்னால் குற்றம். ஆனால் மணப்பெண்ணைத் தங்கத்தால் மூடிப் படமாகக் காட்டினால்? அது வெறும் நகை விளம்பரம்! சட்டத்தின் கை அங்கே எட்டுவதில்லை.

பக்கத்துக் கேரளத்தில் 2021-இல் ஆளுநராக இருந்த ஆரிப் முகமது கான், நகை விளம்பரங்களில் மணப்பெண் படத்தைப் போடவேண்டாம் என்று கடைக்காரர்களைக் கேட்டுக்கொண்டார். அது வேண்டுகோள்தான், கட்டளை அல்ல.

விளம்பரம் எல்லாமே தீமை என்று சொல்லமுடியாது. போலியோ சொட்டு மருந்து பற்றி வீடு வீடாக எடுத்துச் சொன்னதும் விளம்பரம்தான். 2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. கத்தி காயையும் நறுக்கும், கையையும் நறுக்கும்.

அடுத்த முறை டெலிவிஷனில் நகை விளம்பரம் வரும்போது பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் கல்யாண வீட்டில் யாரைக் காணோம்?"

அவர்கள் யோசிக்கட்டும். பிறகு நீங்களே சொல்லுங்கள்:

"கடன் கொடுத்தவரை!"