முடிவை மாற்றாத விசாரணை எதற்கு? கெனடி கொலோவ்கினுக்கு ஒரு திறந்த மடல்

கண்டக்குழி,
கற்பிட்டி,
புத்தளம் மாவட்டம், இலங்கை.

மதிப்புக்குரிய கெனடி கொலோவ்கின் அவர்களுக்கு,

118–110. இந்த எண்ணை உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2017 செப்டம்பர் 16, சனிக்கிழமை இரவு, லாஸ் வேகாஸில் நீங்களும் கனேலோ அல்வாரெஸும் பன்னிரண்டு சுற்று அடித்து முடித்தபின் அடலெய்ட் பேர்ட் என்ற நடுவரின் அட்டையில் இருந்த கணக்கு அது. பத்துச் சுற்று அல்வாரெஸுக்கு, இரண்டே சுற்று உங்களுக்கு. டேவ் மொரெட்டி 115–113 என்று உங்களுக்குக் கொடுத்தார். மூன்றாமவர் டொன் ட்ரெல்லா 114–114. ஆளுக்கொரு தீர்ப்பு, முடிவு சமன். எங்களுக்கு அது ஞாயிறு காலை. காற்று இன்னும் அடங்காத மாதம் என்பதால் கடலுக்குப் போகாதவர்கள் நாலைந்து பேர் ஒரே கைபேசியில் தலையை நுழைத்துக்கொண்டு பார்த்தோம். அந்த எண்ணை வாசித்ததும் விழுந்த ஏச்சுகளை இங்கே எழுத முடியாது.

2025 நவம்பரில் நீங்கள் வேர்ல்ட் பொக்சிங் அமைப்பின் தலைவராகத் தெரிவான செய்தியைப் பார்த்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது ஏதென்ஸில் நீங்கள் வாங்கிய வெள்ளிப் பதக்கமோ உங்கள் உலகப் பட்டங்களோ இல்லை, அந்த அட்டைதான். புள்ளி அட்டையால் அடிபட்ட ஒருவர், புள்ளி அட்டைகளுக்கெல்லாம் பொறுப்பான கதிரையில் போய் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் இந்த மடல். நான் குத்துச்சண்டைக்காரன் அல்ல. கரையில் மீன் நிறுக்கும் இடத்தில் கணக்கு எழுதுகிறவன். சண்டையைப் பார்ப்பது மட்டும் நெடுநாள் பழக்கம்.

உங்கள் சண்டையிலிருந்தே தொடங்குகிறேன். உலகம் முழுவதும் பேர்டை ஏசியது. நடுவர்களை நியமித்த நெவாடா மாநில ஆணையம் அவரைக் கொஞ்சக் காலம் பெரிய சண்டைகளிலிருந்து ஒதுக்கி வைத்தது. பிறகு அவர் மறுபடியும் வளைய ஓரத்துக்கு வந்துவிட்டார். ஆனால் அமைதியாக யோசித்துப் பாருங்கள். பேர்ட் 118–110க்குப் பதிலாக 115–113 என்று அல்வாரெஸுக்குக் கொடுத்திருந்தாலும் அது சமன்தான். உங்களுக்கு வரவேண்டிய வெற்றியைத் தடுத்ததில் அவருக்குச் சமமான பங்கு ட்ரெல்லாவின் அட்டைக்கும் உண்டு. பலர் உங்களுடையது என்று பார்த்த ஏழாவது சுற்றை அவர் அல்வாரெஸுக்கு எழுதினார். அந்த ஒரு சுற்று இந்தப் பக்கம் வந்திருந்தால் 115–113, நீங்கள் வென்றிருப்பீர்கள். 114–114 என்ற எண் யாருடைய கண்ணையும் உறுத்தாது. அதனால் அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைக்கவில்லை. பைத்தியக்கார அட்டை அகப்பட்டுக்கொள்ளும். பார்வைக்கு ஒழுங்கான அட்டைக்குள் ஒரே ஒரு சுற்றை மாற்றி எழுதினால் அது அகப்படாது. நடுவர்களைப் பரிசோதிக்கிறோம் என்று சொல்பவர்கள் கூட்டுத்தொகையைப் பார்த்தால் போதாது, சுற்றுச் சுற்றாகப் பார்க்க வேண்டும் என்பதற்கு உங்கள் சண்டையைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

எல்லா அழுகையும் அநியாயத்துக்கான அழுகை இல்லை என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூலை 29, டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மேரி கோம் கொலம்பியாவின் இங்ரிட் வலென்சியாவிடம் தோற்றார். இரண்டாம், மூன்றாம் சுற்றுகளை ஐந்து நடுவர்களில் மூவர் மேரி கோமுக்குத்தான் கொடுத்தார்கள். மூன்றில் இரண்டு சுற்றை வென்றவர் எப்படித் தோற்பார் என்று இங்கும் ஒரே சத்தம். முதற் சுற்றை நாலு பேர் வலென்சியாவுக்குக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு நடுவரின் அட்டையையும் தனித்தனியே கூட்டினால் 3–2 என்று வலென்சியாவுக்குப் போகிறது. கணக்கில் பிழை கிடையாது. வளையத்தின் வெவ்வேறு பக்கங்களில் இருப்பவர்களுக்கு ஒரே குத்து ஒரே மாதிரித் தெரியாது. ஒருவர் முகத்தைப் பார்க்கும் நேரத்தில் மற்றவர் முதுகைப் பார்ப்பார். கருத்து வேறுபாட்டுக்கு நான் பரிகாரம் கேட்கவில்லை.

நான் கேட்பது வேறு. பிழை என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட பின்னும் அந்தப் பிழை ஏன் அப்படியே நிற்கிறது?

1988 சோல் ஒலிம்பிக்கில் ரோய் ஜோன்ஸ் 86 குத்துகளைப் பதித்தார், தென்கொரியாவின் பார்க் சி-ஹுன் 32. தங்கம் 3–2 என்று பார்க்குக்குப் போனது. தோற்றவர் என்று எழுதப்பட்ட அதே ஜோன்ஸுக்குத்தான் அந்தப் போட்டித் தொடரின் மிகச் சிறந்த வீரருக்கான விருதையும் கொடுத்தார்கள்! 1997இல் சர்வதேச ஒலிம்பிக் குழு லஞ்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று கோப்பை மூடியது. கடைசியில் 2023இல் பார்க் சி-ஹுன் தானே அமெரிக்காவுக்குப் போய் ஜோன்ஸின் வீட்டில் அந்தத் தங்கத்தை அவர் கையில் கொடுத்தார். சங்கங்களும் குழுக்களும் 35 வருசமாகச் செய்யாததை வென்றவரின் மனச்சாட்சி செய்தது. ஏட்டில் இன்றும் பார்க்தான் சம்பியன்.

2012 ஜூனில் திமோத்தி பிராட்லியிடம் மனி பக்கியாவோ தோற்றதாக இரண்டு நடுவர்கள் எழுதினார்கள். பட்டத்துக்குப் பொறுப்பான தொழில்முறை அமைப்பான WBO ஐந்து நடுவர்களை உட்காரவைத்து ஒளிப்பதிவை முழுதாகப் பார்க்கச் செய்தது. ஐந்து பேரும் பக்கியாவோ வென்றார் என்றே எழுதிக் கொடுத்தார்கள். அப்புறம்? ஒன்றுமில்லை. பட்டம் பிராட்லியிடமே இருந்தது. பக்கியாவோ பணக்காரர், 2014இல் திரும்ப மோதிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார். அந்த வசதி எத்தனை பேருக்கு வாய்க்கும்?

ரியோ ஒலிம்பிக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். 2016இல் உங்கள் நாட்டு வசிலி லெவிட் ரஷ்யாவின் யெவ்கெனி திஷ்செங்கோவைத் துரத்தித் துரத்தி அடித்தும் தங்கத்தை இழந்தார். பதக்க மேடையில் கூட்டம் திஷ்செங்கோவைப் பார்த்துக் கூச்சலிட்டது. அடுத்த நாள் அயர்லாந்தின் மைக்கல் கொன்லன் ரஷ்யாவின் நிகிட்டினிடம் தோற்று, நடுவர்களை நோக்கி நடுவிரலைக் காட்டிவிட்டுப் போனார். ரியோவில் கடமையாற்றிய 36 மத்தியஸ்தர்களும் நடுவர்களும் ஒட்டுமொத்தமாக ஒதுக்கி வைக்கப்பட்டார்கள். 2021இல் இதை விசாரித்த மெக்லாரனின் அறிக்கை வந்தது. ரியோவில் சில சண்டைகளின் முடிவுகள் முன்கூட்டியே பேசி ஒழுங்கு செய்யப்பட்டன என்று சொன்னது. இந்த ஊழலும் சேர்ந்துதான் பழைய சர்வதேசக் குத்துச்சண்டைச் சங்கத்தின் அங்கீகாரத்தை 2023இல் தின்றது; அந்த இடத்துக்குத்தான் உங்கள் அமைப்பு வந்திருக்கிறது. லெவிட்டின் கழுத்தில் இன்னும் வெள்ளிதான் தொங்குகிறது.

இப்போது சரிதா தேவிக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துக் கதை இது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்லுவேன்.

மணிப்பூர்க்காரி. 2014 செப்டம்பர் 30, இன்சியோன் ஆசிய விளையாட்டுப் போட்டி, 60 கிலோ அரையிறுதி. எதிரே தென்கொரியாவின் பார்க் ஜி-னா. முகத்தில் குத்து வாங்கிக் கொரியப் பெண் தடுமாறியதைப் பார்த்தவர்கள் சரிதாவின் கை உயரும் என்றே காத்திருந்தார்கள். மூன்று நடுவர்களும் பார்க் ஜி-னாவுக்கு எழுதினார்கள். முறைப்பாடு கொடுக்க 500 டொலர் கட்ட வேண்டும். அணியோடு போன அதிகாரிகள் முன்வரவில்லை. கணவரும் பயிற்றுவிப்பாளரும் அங்கிங்கே கைமாற்று வாங்கிக் கட்டினார்கள். பதில் உடனே வந்தது: வளையத்துக்குள் நிற்கும் மத்தியஸ்தரின் முடிவுகளை எதிர்த்து முறையிடலாம், நடுவர்களின் புள்ளியை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை. அதாவது எந்த இடத்தில் பிழை நடக்குமோ அந்த இடத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேள்வி கேட்கலாம்.

அடுத்த நாள் பதக்க மேடையில் சரிதா அழுதபடி தன் வெண்கலத்தை எடுத்துப் பார்க் ஜி-னாவின் கழுத்தில் போட்டுவிட்டு இறங்கினார். அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் மின்னல் வேகம். இடைநிறுத்தம், மன்னிப்புக் கடிதம், விசாரணை, ஒரு வருடத் தடை, அபராதம், பயிற்றுவிப்பாளர்களுக்கும் தடை. சண்டையைத் திரும்பப் பார்க்க விதியில் இடமில்லாத சங்கத்துக்கு, அழுத பெண்ணைத் தண்டிக்க விதிப்புத்தகத்தில் தாராளமாக இடமிருந்தது. பதக்க மேடையில் அவர் செய்தது முறையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், முறையாகப் போகக்கூடிய எல்லாக் கதவும் பூட்டியிருந்தபோது அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே இடம் அந்த மேடைதான்.

முடிவை மாற்றினால் விளையாட்டே குழம்பிவிடும் என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொல்லக்கூடும். நம்பாதீர்கள். எங்கள் நாட்டுக் கதையையே எடுங்கள். 1938 சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் தங்கம் வாங்கியபின் 72 வருசம் இலங்கைக்குப் பொதுநலவாயக் குத்துச்சண்டைத் தங்கம் கிடையாது. 2010 டில்லியில் மஞ்சு வன்னியாராச்சி அதை வாங்கினார். நாடே கொண்டாடியது. பிறகு நண்ட்ரலோன் ஊக்கமருந்துப் பரிசோதனையில் அகப்பட்டார். பதக்கம் பறிபோய் வேல்ஸின் ஷோன் மெக்கோல்ட்ரிக்கிடம் போனது. எங்களுக்கு வலித்தது, ஆனால் யாரும் விளையாட்டு அழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. ஊசி போட்ட வீரனின் முடிவை மாதங்கள் கழித்தும் மாற்றலாம். நடுவர் பொய் எழுதினால் மட்டும் மாற்றக்கூடாதாம்.

புள்ளியில் அறிவித்த முடிவும் மாறியிருக்கிறது. 2012 லண்டனில் ஜப்பானின் சதோஷி ஷிமிசுவோடு மோதிய அசர்பைஜான் வீரர் கடைசிச் சுற்றில் ஆறு தடவை விழுந்தும் 22–17 என்று வென்றதாக அறிவித்தார்கள். ஜப்பான் முறையிட்டது, முடிவு புரண்டது, ஷிமிசு வெண்கலத்தோடு ஊர் போனார். அதே லண்டனில் இந்தியாவின் விகாஸ் கிருஷ்ணன் எரோல் ஸ்பென்ஸை 13–11 என்று வென்றதும் அமெரிக்கா முறையிட்டது. விகாஸ் கட்டிப்பிடித்த பிடிகளையும் துப்பிய பற்காப்பையும் எண்ணி ஸ்பென்ஸுக்கு நாலு புள்ளி கூட்டி 15–13 ஆக்கினார்கள். அன்று எங்களுக்குக் கோபம் வந்தது. பிறகு சண்டையைத் திரும்பப் பார்த்தபோது பிடித்த பிடிகள் பிடிகளாகவே தெரிந்தன. மறுபரிசீலனை நம்ம பக்கத்து வீரனைத் தோற்கடித்தாலும் அது இருக்கவேண்டும் என்றுதான் சொல்லுகிறேன். ஒன்று மட்டும் உறுத்துகிறது: ஜப்பான் கேட்டது, அமெரிக்கா கேட்டது, கிடைத்தது. கைமாற்று வாங்கிக் கட்டிய மணிப்பூர்க்காரிக்குக் கிடைக்கவில்லை.

இயந்திரத்தை வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பவர்களிடமும் கவனமாயிருங்கள். சோல் அவமானத்துக்குப் பிறகு 1992 பார்சிலோனாவில் பொத்தான் அழுத்தும் கணினி முறை வந்தது. ஐந்து நடுவர்களில் மூன்று பேர் ஒரு செக்கனுக்குள் அழுத்தினால்தான் புள்ளி. வயிற்றில் விழுந்த நல்ல குத்தெல்லாம் கணக்கில் வராமல் போக, வீரர்கள் தூர நின்று தட்டிவிட்டு ஓடப் பழகினார்கள். 2013இல் அதைக் கைவிட்டு, சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்ற பழைய தொழில்முறைக் கணக்குக்கே வந்தார்கள்.

எங்கள் கரையில் மீன் நிறுக்கும்போது தராசு முள் வாங்குகிறவருக்கும் தெரியவேண்டும், வள்ளக்காரருக்கும் தெரியவேண்டும். அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களம் தராசுக்கு வருடாவருடம் முத்திரை குத்துகிறது. நிறை பிழையென்று யாராவது சொன்னால் பெட்டியை இறக்கித் திரும்ப நிறுப்போம். கேட்டவரைக் கரையை விட்டு விரட்டுவதில்லை. ஒலிம்பிக் வகைச் சண்டைகளில் இப்போது சுற்று முடிந்ததும் புள்ளி திரையில் வந்துவிடுகிறது. முள் தெரிகிறது, நல்லது. தொழில்முறையில் இன்னும் பெரும்பாலும் பன்னிரண்டாம் சுற்று முடியும்வரை உறைக்குள்தான் இருக்கிறது. அங்கே இன்னொரு கோளாறும் உண்டு: நடுவரை ஆணையம் நியமித்தாலும் அவருடைய கூலி போட்டியை நடத்துகிறவரின் பையிலிருந்துதான் வருகிறது. யார் வென்றால் அடுத்த சண்டைக்கு அதிகம் டிக்கெட் விற்கும் என்பது நடுவருக்கும் தெரியும். தொழில்முறை உங்கள் ஆட்சிக்குள் இல்லை, ஆனால் உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு உண்டு.

உங்கள் ஆட்சிக்குள் இருப்பதைக் கேட்கிறேன். புள்ளியை எதிர்த்து முறையிட விதியில் தெளிவான இடம் வேண்டும். அந்தச் சண்டையில் சம்பந்தப்படாத நடுவர்கள், சத்தத்தை நிறுத்திவிட்டு, ஒளிப்பதிவைச் சுற்றுச் சுற்றாகப் பார்க்கட்டும். பதக்கம் கொடுக்குமுன் தீர்ப்பு வரட்டும். முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கட்டும். அந்த அதிகாரம் இல்லாத விசாரணை வெறும் இரங்கல் கூட்டம். முறைப்பாட்டுக்குப் பணம் வாங்குவதென்றால், வசதியற்ற நாட்டு வீரருக்கு அதைச் சங்கமே கட்டட்டும். மற்ற நாலு பேரோடும் ஒத்துப்போகாத அட்டையை எழுதிய நடுவர், ஏன் அப்படி எழுதினார் என்று ஒரு பக்கம் எழுதி வெளியிடட்டும். ஒரு நேர்மையான நடுவருக்கு அது பாரமாக இருக்காது, சில நேரம் அவர்தான் சரி என்றும் தெரியவரும். கைகலப்பில்லாமல், கெட்ட வார்த்தையில்லாமல் எதிர்ப்புக் காட்டிய வீரரைத் தடை செய்யும் வழக்கம் நிற்கட்டும்.

2028இல் லொஸ் ஏஞ்சலீஸில் உங்கள் அமைப்பின் கீழ் குத்துச்சண்டை நடக்கப்போகிறது. அங்கே முதல் மணி அடிப்பதற்குள் இந்த விதிகளை எழுதி, எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் அனுப்பிவையுங்கள். 2017இல் உங்களுக்குக் கிடைக்காதது 2014இல் சரிதாவுக்கும் கிடைக்கவில்லை. அதை இனி வருகிறவர்களுக்குக் கொடுக்கும் அதிகாரம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது.

இப்படிக்கு,
கண்டக்குழியிலிருந்து ஒரு குத்துச்சண்டை ரசிகன்