படமெடுப்பாரும் பார்த்துரைப்பாரும்

கடுகண்ணாவைக் கணவாயிலே வண்டியை நிறுத்திப் படமெடாது செல்லும் பிரயாணிகள் இக்காலத்தில் மிகச் சிலரே. குடையப்பட்ட பாறையினூடாகச் செல்லும் பழைய வீதியும், 1832ஆம் ஆண்டில் எழுப்பப்பெற்ற டோசன் நினைவுக் கோபுரமும், விரித்துவைத்த நூல்போல எதிரே தோன்றும் பத்தலேகல மலையும், பாறையின் விளிம்பைப் பற்றிச் செல்லும் புகையிரதப் பாதையும், 2014ஆம் ஆண்டில் இங்கு அமைக்கப்பெற்ற புகையிரத நூதனசாலையும் எத்தனையோ படக்கருவிகளுட் புகுந்து வெளிவருகின்றன. எடுத்த படங்களை நண்பர்க்கு அனுப்புவதும், பெற்றவர் அவைபற்றி ஒரு சொற் சொல்வதும் இன்று பெருவழக்காகிவிட்டன. நம் கல்லூரிப் பழைய மாணவருள் ஊரிலுள்ளாரும் கடல்கடந்து வாழ்வாரும் இதிலே பெரிதும் ஈடுபட்டுள்ளனர். படமெடுப்பதைத் தொழிலாகக் கொள்ளாது விருப்பினாலே எடுக்கும் இவ்வன்பர்களின் முயற்சி மகிழ்தற்குரியதே. ஆயினும், அவர்தம் படங்களுக்கு நாம் கூறும் மறுமொழி குறித்துச் சில சொல்ல விரும்புகின்றேன்.

'அருமை', 'அற்புதம்', 'மிக அழகு' என்னும் மூன்றனுள் ஒன்றே பெரும்பாலும் மறுமொழியாக வருகின்றது. அதனையும் எழுதச் சோம்புவோர் பெருவிரலை உயர்த்திய குறியொன்றை அனுப்பி அமைவர். பாராட்டுத் தீதென்று யான் கூறேன். ஆனால், நல்ல படத்துக்கும் நலிந்த படத்துக்கும் ஒரே சொல்லைப் பெறுபவன் எதனைக் கற்பான்? மாணவர் எழுதும் கட்டுரை ஒவ்வொன்றின் அடியிலும் 'நன்று' என்று சிவப்பு மையால் எழுதிக் கையொப்பமிடும் ஆசிரியனைப் பெற்றோர் விரும்பார். மாணவரும் நாளடைவில் மதியார். இத்தகைய பாராட்டு ஒருவகைப் பராமுகமே என்பது என் துணிபு. படத்தை அவர் பார்க்கவில்லை. அனுப்பியவரைப் பார்த்துத் தலையசைத்தார், அவ்வளவே.

தமிழர்க்கு இது புதிதாகக் கற்க வேண்டிய பாடமன்று. நூலொன்றைச் செய்தவர் அதனை அவையிலே அரங்கேற்றி, வல்லார் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறுதல் நம் பண்டை வழக்கு. இறைவன் தருமிக்கு அளித்த பாட்டிலும் நக்கீரர் குற்றங்கண்ட கதையைத் திருவிளையாடற் புராணம் விரித்துரைக்கின்றது. நன்னூலார் பத்துக் குற்றங்களை எண்ணியதோடு அமையாது பத்து அழகுகளையும் எண்ணினார். ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையிலே நாங்கள் பெற்ற பயிற்சியும் இவ்வழிப்பட்டதே. ஒருவர் வகுப்பில் நின்று பாடம் நடத்துவார். ஏனையோர் பின்வரிசையில் இருந்து குறிப்பெடுப்பர். பாடம் முடிந்தபின் நிறையும் குறையும் அவர் முகத்துக்கு நேரே கூறப்படும். கண்டதை முதலிற் கூறுக, அதன் பின்னரே தீர்ப்புக் கூறுக என்பது அங்கே விதி. "கரும்பலகையில் எழுதுகையில் மூன்று நிமிடம் வகுப்புக்கு முதுகுகாட்டி நின்றீர்" என்பது கண்டது. "உமக்கு வகுப்பாட்சி போதாது" என்பது தீர்ப்பு. முன்னதைக் கேட்டவன் மறுநாள் திருந்துவான். பின்னதை மட்டும் கேட்டவன் இரவெல்லாம் உறங்கான்; திருந்தவுமாட்டான்.

படக்கலையிலும் இவ்வழக்குப் பழையதே. 1853ஆம் ஆண்டில் இலண்டனிலும், 1854இல் பம்பாயிலும், அடுத்த சில ஆண்டுகளுள் கல்கத்தாவிலும் சென்னையிலும் நிழற்படச் சங்கங்கள் தோன்றின. படைவீரரும் வைத்தியரும் அரசாங்க உத்தியோகத்தரும் அங்கே கூடித் தம் படங்களை ஒருவர்க்கொருவர் காட்டி ஆராய்ந்தனர். சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராய் விளங்கிய லின்னேயஸ் டிரைப் என்னும் படையதிகாரி 1858ஆம் ஆண்டில் மதுரை, தஞ்சை முதலிய இடங்களின் கோயில்களைப் படமாக்கினார். அக்காலத்து மறைபடிகள் நீல ஒளியை மிகைபடப் பற்றுவன. அதனால், அச்சிட்ட படத்திலே வானம் வெறும் வெண்பரப்பாய் நின்றுவிடும். அக்குறை தோன்றாவண்ணம் அவர் மறைபடியின்மேல் வர்ணந்தீட்டி மேகங்களை உண்டாக்கினார். இன்றோ கருவியின் துணைகொண்டு ஒரு நாட்டு வானத்தைப் பெயர்த்து மற்றொரு நாட்டு மலைமீது ஒட்டுவோர் உளர். டிரைப்புக்கு வேறு வழியில்லை. இவர்களுக்கு மறுநாட் காலைவரை காத்திருக்கும் வழி உண்டு. நம் மலையின் மூடுபனிக்கு மேலே பாலைவனத்து அந்திவானம் செக்கர் பரப்பி நிற்கும் படத்துக்கும் 'அற்புதம்' என்றே எழுதுகின்றோம். இரண்டும் ஒரு பொழுதில் ஓரிடத்தில் நிகழா என்பதைச் சுட்ட ஒருவரேனும் வேண்டாமா?

நம் நாட்டிலே லயனல் வென்ட் என்பாரை (1900–1944) இங்கு நினைத்தல் தகும். அவர் சட்டம் பயின்றவர். பியானோ வாசிப்பதில் வல்லவர். 1930களில் இலங்கை நிழற்படச் சங்கத்தின் வளர்ச்சிக்கு முன்னின்று உழைத்தோருள் ஒருவர். அவர் மறைந்தபின் 1950ஆம் ஆண்டில் வெளிவந்த 'லயனல் வென்ட்டின் இலங்கை' என்னும் படநூலைப் பார்ப்போர், அதிலே நிலக்காட்சியோடு அந்நிலத்திலே நின்று உழைக்கும் மனிதரையும் காண்பர்.

இவ்விடத்திலே தமிழாசிரியன் என்னும் முறையில் ஓர் அளவுகோலைத் தருகின்றேன். நம் முன்னோர் பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாக வகுத்தனர். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மக்கள், தொழில், விலங்கு, மரம், பறை முதலியன கருப்பொருள். உள்ளத்து ஒழுக்கம் உரிப்பொருள். கடுகண்ணாவைப் படங்களிலே முதற்பொருளுக்குக் குறைவில்லை. மலையுண்டு, பனியுண்டு, வைகறையும் மாலையும் உண்டு. கருப்பொருளைத் தேடினாலோ காண்டல் அரிது. வீதியோரத்துச் சிறுகடைக்காரரும் தண்டவாளத்தைப் பேணும் தொழிலாளரும் காட்சியைக் கெடுப்பவர் எனக் கருதி விளிம்பிலே வெட்டி விலக்கப்படுகின்றனர்.

வீதியமைத்த பொறியியலாளர் டோசனுக்குக் கோபுரம் உண்டு. அவ்வீதியை இராசகாரிய ஊழியத்தினால் வெட்டிய ஊர்மக்களுக்குக் கோபுரமில்லை. 1867ஆம் ஆண்டிலே கண்டியை அடைந்த புகையிரதப் பாதைக்காகக் கல்லுடைத்த தென்னிந்தியத் தொழிலாளர்க்கும் இல்லை. ஏறத்தாழ 45 அடிக்கு 1 அடி உயரும் அவ்வேற்றத்திலே காய்ச்சல் கண்டு மடிந்தோர் பலர். 'சென்சேஷன் றொக்' என ஆங்கிலேயர் பெயரிட்ட பாறைமுனையை 19ஆம் நூற்றாண்டின் வணிகப் படக்காரர் திரும்பத் திரும்ப எடுத்து விற்றனர். நாமும் அதே பாறையின் அதே அழகையே எடுத்து அனுப்புகின்றோம். இப்பாதை தானே விளைந்தது போலும் என்று பார்ப்பவன் எண்ணுவானாயின், அது படமெடுத்தவர் பிழை மட்டுமன்று. அறிந்திருந்தும் 'அருமை' என்றெழுதி வாளாவிருந்த நண்பர்க்கும் அதிற் பங்குண்டு.

பிலிமத்தலாவைக்கு அண்மையிலுள்ள கோயில்களின் படங்களிலும் இக்குறையே காணப்படும். கடலாதெனிய விகாரையின் கற்றூண்களை எடுப்பவர், 1344ஆம் ஆண்டில் அதனைக் கட்டியமைத்தவன் கணேசுவராசாரி என்னும் தென்னாட்டுச் சிற்பி என்பதைப் படத்தின் அடியிலே எழுதுவது அரிது. அதே காலத்து இலங்காதிலக விகாரையை எடுப்போர், படிகளுக்கு மேலே வெண்ணிறமாய் ஓங்கி நிற்கும் முகப்போடு திரும்பிவிடுகின்றனர். அவ்விகாரை நிற்கும் பாறையிலே சிங்களக் கல்வெட்டோடு தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்டுள்ளது. இதனை அறிந்த ஒருவர், "முகப்பு நன்றாக அமைந்தது, அடுத்தமுறை பாறையையும் பார்த்து வருக" என்று எழுதினால், அஃது ஆயிரம் 'அற்புதங்களினும்' பெறுமதியுடையது.

கேடு விளைக்கும் பாராட்டும் உண்டு. ஓடும் புகையிரதத்தின் வாயிலிலே உடலை வெளியே சாய்த்து நிற்பவரின் படத்துக்கே இன்று பாராட்டு மிகுதி. மலைநாட்டுப் பாதைகளிலே இவ்வாறு நின்று உயிரிழந்தோரும் அங்கங் குறைந்தோரும் உளர். அப்படத்துக்கு நாம் அனுப்பும் பெருவிரல், அடுத்தவனை வாயிலுக்கு அழைக்கும் விரலாகவும் அமையும். இதிலே தாட்சணியம் பார்த்தல் தகாது.

நாளும் இடமும் குறிக்கப்பெறாத படத்தைப்பற்றியும் ஒரு சொல். 2025ஆம் ஆண்டு நவம்பரிலே பஹல கடுகண்ணாவையில் மலைச்சரிவு வீதியோரக் கட்டடமொன்றின்மேல் வீழ்ந்து உயிர்களைக் கொண்டது. அச்சரிவு முன்னர் எவ்வாறிருந்தது, எங்கே மரம் நின்றது, எங்கே மண் வெட்டப்பட்டது என்று ஆராய விரும்புவோர்க்குப் பிரயாணிகள் எடுத்த படங்கள் சான்றாகக் கூடியன. 'என் இனிய பயணம்' என்று மட்டும் எழுதப்பெற்ற படம் அதற்குப் பயன்படுமா?

குறைகூறுவதற்கு நம்மவர் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு, அது மரியாதை. ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் எடுத்த படத்திலே அடிவானம் ஒருபுறம் சாய்ந்து, மலைநாடே வழுக்கி விழுவதுபோலத் தோன்றினாலும், "ஐயா, படம் சற்றுக் கோணலாயுள்ளது" என்று பத்தாம் வகுப்பு மாணவன் சொல்லத் துணிவானா? துணியான், துணிதல் வேண்டுமென்று வற்புறுத்துவதும் நம் பண்புக்கு ஏலாது.

ஆதலின், இவ்விழா ஆண்டிலே பழைய மாணவர் சங்கம் நடத்தக்கூடிய படக்காட்சிக்கு ஒரு முறையைக் கூறுகின்றேன். படங்களுக்கு எண் மட்டும் இடுக. எடுத்தவர் பெயரை மறைத்துவைக்க. படத்தின் அடியிலே இடம், நாள், வேளை மூன்றும் எழுதப்பட வேண்டும். மாணவரும் ஆசிரியரும் பழைய மாணவரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, கண்டதை முதலிலும் கருத்தைப் பின்னருமாகக் கூறுக. எடுத்தவர் அதுவரை வாய் திறத்தல் கூடாது. பரிசு வேண்டாம் என்பது என் கருத்து. பரிசு வந்தால் நடுவர் ஒருவரே பேசுவார், ஏனையோர் கைதட்டுவர். வெளிநாட்டிலுள்ள அன்பர்கள் தாம் வாழும் ஊர்களின் படங்களையும் அனுப்பலாம். பனி மூடிய கனடாவின் தெருவைப்பற்றி நம் மாணவர் வினவும் வினாக்கள் அவர்களுக்கும் சுவையாயிருக்கும்.

இலங்காதிலகப் பாறையின் தமிழ்க் கல்வெட்டை எடுத்த படமொன்று அம்மேசைக்கு வருமாயின், முதலிற் பேச யான் இடங்கேட்பேன். எடுக்கச் செல்வோர் உச்சிவேளையைத் தவிர்த்து, ஒளி சாய்ந்து விழும் காலையிலோ மாலையிலோ செல்லுதல் நன்று. அப்பொழுதுதான் பாறையில் வெட்டிய எழுத்தின் பள்ளத்திலே நிழல் விழுந்து வரி தெளிவாகும்.