தெரிந்த பிழையை என்ன செய்வது? 'கிட்' காட்டும் வழி!

ஓட்டு வீட்டில் மழை ஒழுகும் இடம் எல்லோருக்கும் தெரியும். ஓடு மாற்றும்வரை அங்கே ஒரு வாளி இருக்கும். சாஃப்ட்வேரிலும் இப்படி ஒரு வாளி உண்டு.

புரோகிராமர்கள் தங்கள் ஃபைல்களில் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்துவைக்க உதவுவது 'கிட்'. லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கியது. கிட்டிலேயே ஏதாவது மாற்றினால், எதுவும் உடையவில்லையே என்று பார்க்க ஆயிரக்கணக்கான டெஸ்ட்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஷெல் ஸ்கிரிப்ட்கள். அதாவது, கம்ப்யூட்டருக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த ஃபைல்கள்.

ஒரு பிழை தெரிந்துவிட்டது. சரிசெய்ய உடனே வழியில்லை. அதைக் காட்டும் டெஸ்ட்டை என்ன செய்வது? நீக்கினால் பிழை மறந்தேபோகும். அப்படியே விட்டால் தினமும் 'ஃபெயில்' என்று வரும். நாளடைவில் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். புதிதாக ஒன்று உடைந்தாலும், 'வழக்கமா வர்றதுதானே' என்று போய்விடுவார்கள். ஆபத்தே அதுதான்!

வாளி எப்படி வேலை செய்கிறது?

அந்த டெஸ்ட்டை மட்டும் 'டெஸ்ட் எக்ஸ்பெக்ட் ஃபெயிலியர்' என்று குறித்துவைக்கிறார்கள். அது தோற்றாலும் மொத்த ஸ்கிரிப்ட்டும் தோற்றதாகக் கணக்கில்லை. ஆனால், 'தெரிந்த பிழை இன்னும் இருக்கிறது' என்று எண்ணிக்கையோடு கடைசியில் சொல்லிவிடும். என்றாவது பிழை சரியானால், 'மறைந்துவிட்டது. டெஸ்ட்டை மாற்றுங்கள்' என்றும் சொல்லும். உடனே அதைச் சாதாரண டெஸ்ட்டாக மாற்றிவிடலாம். அதன்பின் தோற்றால் தோல்விதான்.

ஆரம்பத்தில் இதே பெயருக்கு வேறு அர்த்தம். ஒரு கட்டளை தோற்பதுதான் சரி என்ற இடங்களிலும் இதையே போட்டார்கள். தவறான பாஸ்வேர்டை மறுப்பது சரியான வேலை. சரியான பாஸ்வேர்டை மறுப்பது பிழை. இந்த இரண்டும் ஒன்றாகக் கலக்கக் கூடாது அல்லவா? 2008-ல் அர்த்தத்தைத் 'தெரிந்த பிழை'க்கு மட்டும் என்று மாற்றினார்கள். தோற்றே ஆக வேண்டிய கட்டளைகளுக்கு 'டெஸ்ட் மஸ்ட் ஃபெயில்' தனியாக வந்தது.

இதையும் கவனிங்க!

டெஸ்ட்டில் ஓர் எழுத்துப்பிழை இருந்தாலும் அது தோற்கும். 'தெரிந்த பிழைதான்' என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். அதனால் குறிப்பதற்கு முன், எந்த வரியில், எதற்காகத் தோற்கிறது என்று ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவசியம்.

வாளி வைத்தாயிற்று என்று ஓடு மாற்றாமலே இருந்துவிடவும் கூடாது. அந்த எண்ணிக்கையை அவ்வப்போது பார்த்து, ஒவ்வொன்றாகக் குறைப்பதுதான் மீதி வேலை.