பழைய புடவையும் பதினைந்து லிட்டர் தண்ணீரும்

ராத்திரி சாப்பாட்டை முடித்துவிட்டு டி.வி. முன்னால் உட்காருகிறீர்கள். ஏதோ ஒரு நாட்டின் எல்லை. இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை, முழங்கால் வரைக்கும் சேறு... சாரை சாரையாக ஜனங்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். 'ஐயோ பாவம்!' என்கிறோம். மனசு நிஜமாகவே கலங்குகிறது. எப்போதாவது யாராவது நிவாரணத்துக்கு என்று வாசலில் வந்து நின்றால், நேராகப் போய் பீரோவைத் திறக்கிறோம். கையில் அகப்படுவது என்ன? சாயம் போன புடவை, பட்டன் போன சட்டை, பையனுக்குச் சின்னதாகிவிட்ட பேன்ட்.

நானும் அப்படிக் கொடுத்தவள்தான். ஒரு தடவை மூட்டை கட்டிக் கொடுத்ததும், வாங்கிக்கொண்ட பையன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "ஆன்ட்டி, தப்பா நினைச்சுக்காதீங்க. போன தடவை வந்த துணியே நிறைய மிஞ்சிப் போச்சு. ஒரு பக்கெட்டும் நாலு சோப்பும் கிடைக்குமா?"

சுருக்கென்றது எனக்கு. 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினம் பக்கம் ரோட்டோரத்தில் பழைய துணிகள் மலையாகக் குவிந்து கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? எடுக்க ஆளில்லை. கொடுத்த நாம் எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனால், அவர்களுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

நாடு விட்டு நாடு ஓடி வருகிறவர்கள் விஷயத்தில் இந்தத் தப்பு உயிரையே வாங்கிவிடும். எல்லைப்புற முகாம்களில் முதல் சில வாரங்களில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் துப்பாக்கி இல்லை. துப்பாக்கிக்குத் தப்பித்துத்தானே அங்கே வந்திருக்கிறார்கள்! கொல்வது வயிற்றுப்போக்கு, காலரா, அம்மை, சத்துக்குறைவு. ஒவ்வொன்றையும் தடுக்க நமக்குத் தெரியும். எத்தனை பேருக்கு, எவ்வளவு, யார் கையால் கொடுப்பது என்று திட்டம் போட்டு நடத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது. கருணை மட்டும் போதாது, கணக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

அம்மாவே நர்ஸ்!

முதலில் நம் நாட்டுக் கதை. 1971. வங்கதேச விடுதலைப் போர் நடக்கிறது. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து சுமார் ஒரு கோடிப் பேர் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தார்கள். மேற்கு வங்காளத்தில் எல்லையை ஒட்டிய ஊர் பன்காவ்ன். அங்கே காலரா தலைவிரித்து ஆடியது. டாக்டர் திலீப் மஹலனபிஸ் என்ற குழந்தை மருத்துவர் கல்கத்தாவிலிருந்து அங்கே போனார். ஆஸ்பத்திரித் தரையெல்லாம் வாந்தியும் பேதியும். அதன் மேலேயே மண்டி போட்டுத்தான் நோயாளிகளுக்கு சலைன் ஏற்ற வேண்டியிருந்தது. கொஞ்ச நாளில் அந்த சலைன் பாட்டிலும் தீர்ந்துபோகும் நிலைமை. ஊசி போடத் தெரிந்தவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கல்கத்தாவில் உப்பு, ஆப்ப சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளந்து கலந்து, பாலிதீன் பைகளில் அடைத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி முகாமுக்குக் கொண்டுவர ஏற்பாடு செய்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், மூன்றரை கிராம் உப்பு, இரண்டரை கிராம் சோடா. அதை டிரம்மில் கரைத்து, குழாய் மாட்டி வைத்தார்கள். நோயாளியோடு வந்த அம்மா, அக்கா, அண்ணன், யாராக இருந்தாலும் சரி, டம்ளரில் பிடித்துப் பிடித்துக் குடிக்கக் கொடுக்கவேண்டியதுதான்.

வெறும் உப்பு-சர்க்கரைத் தண்ணீர் காலராவை நிறுத்துமா என்று அப்போது பெரிய பெரிய டாக்டர்களுக்கே சந்தேகம். ஆனால், நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், அவருடைய கவனிப்பில் சாவு 3.6 சதவீதமாகக் குறைந்தது! இன்று மருந்துக்கடையில் நாம் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் உலகம் பூராவும் நம்பிக்கை பெற்றது அந்த எல்லை முகாமில்தான். 2022-ல் மஹலனபிஸ் காலமானார். 2023-ல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டபோது அதை வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

இதில் மருந்து பாதி, ஏற்பாடு பாதி. 'அகதிகளுக்கு ஒன்றும் தெரியாது, நாம்தான் செய்யவேண்டும்' என்று அவர் நினைக்கவில்லை. பெற்ற தாயை நம்பி டம்ளரைக் கையில் கொடுத்தார். அந்த நம்பிக்கைதான் ஆள் பற்றாக்குறையைத் தீர்த்தது.

தண்ணீர் இல்லாத முகாம்

இப்போது எதிர்மாறான கதை. 1994 ஜூலை. ருவாண்டாவில் நடந்த இனப்படுகொலையை அடுத்து, பக்கத்து நாடான ஜயரின் (இன்றைய காங்கோ) எல்லை நகரமான கோமாவுக்குள் நாலைந்து நாட்களில் 5 லட்சத்துக்கும் அதிகமானோர் நுழைந்துவிட்டார்கள். எரிமலைப் பாறை பூமி. கழிப்பறைக்குக் குழி வெட்ட முடியாது. செத்தவர்களைப் புதைக்கவும் முடியாது. குடிக்க ஏரித் தண்ணீர். காலராவும் சீதபேதியும் புகுந்தன. முதல் மாதத்தில் மட்டும் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் இறந்தார்கள்.

உதவி வராமல் இல்லை. விமானம் விமானமாக வந்தது. ஆனால் தண்ணீர் லாரி வந்து சேர்வதற்குள் நோய் முந்திக்கொண்டது. உணவுப் பங்கீட்டை முகாமில் இருந்த பழைய ஊர்த்தலைவர்கள் கையில் விட்டார்கள். படுகொலையில் கை நனைத்தவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள்! மூட்டைகள் அவர்கள் ஆட்களுக்குப் போயின. ஆண் துணையில்லாத பெண்கள், அவர்களுடைய குழந்தைகள் வரிசையின் கடைசியில் காலிப் பாத்திரத்தோடு நின்றார்கள்.

அந்த அவமானத்துக்கு அப்புறம்தான் தொண்டு நிறுவனங்கள் கூடி உட்கார்ந்து, 1997-ல் 'ஸ்பியர்' என்ற திட்டத்தைத் தொடங்கின. குறைந்தபட்சம் இவ்வளவாவது வேண்டும் என்று கணக்கு வகுத்தார்கள். நம் வீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர் (குடிக்க, சமைக்க, குளிக்க எல்லாம் சேர்த்து! நாம் குளிக்க எடுக்கும் ஒரு பக்கெட்டே ஏறக்குறைய அவ்வளவு). 250 பேருக்கு ஒரு குழாய். 20 பேருக்கு ஒரு கழிப்பறை. ஒரு ஆள் படுத்துப் புரள மூன்றரை சதுர மீட்டர் கூரை. நாளொன்றுக்கு 2,100 கலோரி சாப்பாடு.

அல்பமாகத் தெரிகிறதா? இந்த அல்பம்கூட இல்லாமல்தான் கோமாவில் அத்தனை பேர் போனார்கள்.

காக்ஸ் பஜாரில் பார்த்தது

2017 ஆகஸ்ட் 25-க்குப் பிறகு மியான்மரின் ராக்கைன் மாநிலத்திலிருந்து, வன்முறைக்குத் தப்பி, சில மாதங்களில் 7 லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் மாவட்டத்துக்கு வந்தார்கள். இன்னொரு கோமாவாகியிருக்க வேண்டியது. ஆகவில்லை. ஏன்?

காலரா வந்த பிறகு ஓடவில்லை. வருவதற்கு முன்னாலேயே ஓடினார்கள். அக்டோபர் 10-ம் தேதி வாய்வழிக் காலரா தடுப்பு மருந்து கொடுக்க ஆரம்பித்து, முதல் சுற்றிலேயே சுமார் 7 லட்சம் பேருக்குக் கொடுத்து முடித்தார்கள். பயந்த மாதிரி பெரிய காலரா வெடிக்கவில்லை. சொந்த ஊரில் தடுப்பூசியே சரியாகப் பார்த்திராத குழந்தைகளுக்கு அந்த வருஷக் கடைசியில் தொண்டை அடைப்பான் பரவியதும், மறுபடி ஊசியோடு கிளம்பினார்கள்.

அங்கேயும் தப்புகள் நடக்காமல் இல்லை. அவசரத்தில் கட்டிய கழிப்பறைகள் சீக்கிரமே நிரம்பின. பல கைப்பம்புகளுக்கு மிக அருகிலேயே இருந்தன. விளக்கு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது. இருட்டில் அங்கே போகப் பயந்து பெண்கள் சாப்பாட்டையும் தண்ணீரையுமே குறைத்துக்கொண்டார்கள். தண்ணீரை அடக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? சிறுநீர்த் தொற்று, மயக்கம், பால் கொடுக்கும் தாய்க்கு உடம்பு தளர்ச்சி. கட்டுவதற்கு முன்னால் பத்துப் பெண்களைக் கூப்பிட்டு, "எங்கே வைக்கட்டும்மா?" என்று கேட்டிருந்தாலே போதுமே!

கேட்டுச் செய்த காரியம் எப்படிப் பலித்தது என்பதற்கும் அங்கேயே உதாரணம் உண்டு. ஆரம்பத்தில் அரிசி, பருப்பு கொடுத்தார்கள். அதை வேகவைக்க விறகு? பெண்களும் பிள்ளைகளும் காட்டுக்குப் போனார்கள். மரங்கள் மொட்டையாயின. முகாம் இருந்ததோ யானைகள் போகும் பாதையில். யானை மிதித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். 2018 முதல் குடும்பங்களுக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுக்கத் தொடங்கினார்கள். காட்டில் பெண்களுக்கு இருந்த ஆபத்து குறைந்தது, குடிசைக்குள் புகை குறைந்தது, மரம் மறுபடி துளிர்த்தது. முகாம்வாசிகளையே பழக்கி, கோபுரம் கட்டி, யானைக் காவலுக்கும் நிறுத்தினார்கள்.

நிர்வாகம் என்றால் கட்டிப்போடுவது என்று நினைப்பவர்களும் உண்டு. முகாமைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டார்கள். 2021 மார்ச்சில் பெரிய தீ பிடித்தபோது தப்பி ஓட அந்த வேலியே தடையாக நின்றது. குறைந்தது 15 பேர் இறந்தார்கள். சுமார் 45 ஆயிரம் பேருக்குக் குடிசை போயிற்று.

"நம்ம ஜனங்களுக்கே வழியில்லை..."

"நம்ம ஜனங்களுக்கே வழியில்லை, இதிலே வந்தவங்களுக்கு வேறயா?" இந்தக் கேள்வியை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கேட்பவரைக் கல்நெஞ்சக்காரர் என்று நான் சொல்லமாட்டேன். காக்ஸ் பஜாரில் உக்கியா, டெக்னாஃப் வட்டாரத்து ஏழைகள் முதல் நாளில் தங்கள் சோற்றைப் பங்கு போட்டுக் கொடுத்தவர்கள். அப்புறம் கூலி குறைந்தது, சாமான் விலை ஏறியது, காடு போயிற்று. முணுமுணுப்பு வராதா? அதனால்தான் உதவியில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்களுக்கும் போகவேண்டும் என்று வங்கதேச அரசு வற்புறுத்தியது. சரியான யோசனை. வந்தவருக்கு ஒரு கிணறு தோண்டினால், பக்கத்துக் கிராமத்துக்கும் ஒன்று தோண்ட வேண்டும். காலராக் கிருமிக்கு பாஸ்போர்ட்டும் தெரியாது, ரேஷன் கார்டும் தெரியாது.

இன்னொன்று. டி.வி.யில் படம் மாறிவிட்டால் நம் இரக்கமும் மாறிவிடுகிறது. 2023-ல் பணம் போதாமல் ரோஹிங்கியா மக்களின் மாத உணவுப் படியை 12 டாலரிலிருந்து மார்ச்சில் 10, ஜூனில் 8 என்று குறைத்தார்கள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 22 ரூபாய்! வெளியே போய் வேலை பார்க்கச் சட்டத்தில் இடமும் இல்லை. குழந்தைகளின் சத்துக்குறைவு 15 சதவீதம் என்ற அபாயக் கோட்டைத் தாண்டியது. 2024-ல்தான் படியை மறுபடி உயர்த்தினார்கள். வளர்கிற குழந்தைக்கு அந்த இழந்த மாதங்களை யார் திருப்பித் தருவது? முதல் வாரத்தில் அள்ளிக் கொடுப்பதைவிட, ஆறாவது வருஷமும் நிறுத்தாமல் கொடுப்பது கஷ்டம். அதுதான் நிஜமான உதவி.

இனி நாம் என்ன செய்யலாம்? எந்த நிறுவனத்துக்காவது பணம் கொடுக்கும்போது, கத்தரிக்காய் வாங்கும்போது கேட்கிற அளவாவது கேள்வி கேளுங்கள். தண்ணீர் எத்தனை லிட்டர் கிடைக்கிறது? கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் உண்டா? பங்கீடு யார் கையில், பெண்களுக்கு நேரடியாகப் போகிறதா? பக்கத்து ஊருக்கு என்ன செய்கிறீர்கள்? பதில் சொல்லத் திணறினால் யோசியுங்கள். பொருளாகத்தான் கொடுப்பேன் என்றால், கேட்டதைக் கொடுங்கள், புதிதாகக் கொடுங்கள். மூடியுள்ள பக்கெட், சோப்பு, சானிட்டரி நாப்கின்... எதைக் கேட்கிறார்களோ அது.

இப்போது எழுந்து போய் உங்கள் மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இருக்கிறதா? இல்லையென்றால் நாளைக்கே வாங்கி வையுங்கள். பாக்கெட்டில் எவ்வளவு தண்ணீர் போட்டிருக்கிறதோ அதே அளவு காய்ச்சி ஆறிய தண்ணீரில், முழு பாக்கெட்டையும் கரைக்கவேண்டும். பேதியில் துவண்ட உங்கள் குழந்தைக்கு அதை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: வீடு வாசலை இழந்து, எல்லையில் ஒரு டிரம் பக்கத்தில் உட்கார்ந்து, தன் குழந்தைக்கு இதையே ஊட்டிய ஏதோ ஒரு தாயால்தான் இது நம் வீடு வரைக்கும் வந்தது. அவளுக்கு நாம் பட்டிருக்கும் கடனைச் சாயம் போன புடவையால் அடைக்க முடியாது.