சந்தை ஆடும் மூன்று வாரக் காவலும்

குடியானவருக்கு ஆடு என்பது கையிருப்புப் பணம் போன்றது. மழை பொய்த்த வருஷத்தில் கடன் தவணையும், கலியாணச் செலவும், பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெரும்பாலும் ஆட்டுப்பட்டியிலிருந்தே வெளிப்படுகின்றன. ஆகவே கையில் நாலு காசு சேர்ந்தவுடன் சந்தைக்குச் சென்று இரண்டு மூன்று ஆடுகளை வாங்கிப் பட்டியைப் பெருக்க நினைப்பது இயல்பே. ஆனால் வாங்கி வந்த ஆட்டை அன்று மாலையே பழைய மந்தையோடு சேர்த்து அடைத்துவிடும் வழக்கம், பட்டியைப் பெருக்குவதற்குப் பதிலாக அழிப்பதற்கே அநேக இடங்களில் காரணமாகிறது. இவ்வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும்.

சந்தையின் தன்மையைச் சிறிது ஆலோசித்துப் பார்த்தால் இதன் காரணம் விளங்கும். செஞ்சி, எட்டயபுரம், மேலப்பாளையம் முதலிய ஊர்களின் ஆட்டுச் சந்தைகளில் பல கிராமங்களின் ஆடுகள் ஒரே நாளில் வந்து கூடுகின்றன. தீபாவளியும் பக்ரீத்தும் நெருங்கும் காலத்தில் கூட்டம் இன்னும் பெருகும். வண்டியில் நெருக்கி ஏற்றப்பட்டு, தீனியும் தண்ணீரும் இன்றி, வெயிலில் நின்று களைத்த ஆட்டின் உடலில் நோயை எதிர்க்கும் சக்தி குன்றிவிடுகிறது. அந்த நிலையில் அது முன்பின் அறியாத ஆடுகளோடு மூச்சு முட்ட உராய்ந்து நிற்கிறது. வாங்குபவரோ பல்லைப் பிடித்துப் பார்க்கிறார். முதுகைத் தடவிப் பார்க்கிறார். விலையைப் பேசி முடிக்கிறார். அந்த ஆடு எந்த நோயின் அருகில் நின்றது என்பதைப் பல்லும் முதுகும் சொல்லமாட்டா.

இவ்வகையில் மிகவும் அஞ்சத்தக்கது பி.பி.ஆர். எனப்படும் ஆட்டுக்கொல்லி நோய். மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயின் கிருமிக்கு நெருங்கிய இனமான ஒரு நச்சுயிரியே இதை உண்டாக்குகிறது. 1942-ஆம் ஆண்டில் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் இந்நோய் முதன்முதலாக விவரிக்கப்பட்டது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்டது வேறெங்கும் அன்று. 1987-ஆம் ஆண்டில் விழுப்புரம் பக்கத்து அரசூர்க் கிராமத்தில்தான். கண்ணிலும் மூக்கிலும் நீர் வடிதல், பின்பு அது சளியாகத் தடித்தல், கடுங்காய்ச்சல், வாய்ப்புண், துர்நாற்றம், கழிச்சல், இரைப்பு ஆகியவை இதன் குறிகள். நோய் கடுமையாகக் கண்ட மந்தையில் பாதிக்கு மேற்பட்ட ஆடுகள் மாண்டுபோவதும் உண்டு.

இங்கே முக்கியமாகக் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உளது. கிருமி உடலில் புகுந்த அன்றே குறி தோன்றுவதில்லை. பெரும்பாலும் நாலு முதல் ஆறு நாட்கள் கழித்தே காய்ச்சல் காணும். சிலவற்றில் இன்னும் தாமதமாகும். ஆகையால் சந்தையில் துள்ளிக் குதித்த ஆடு அடுத்த வாரம் பட்டியில் சுருண்டு படுப்பதில் வியப்பொன்றுமில்லை. அதற்குள் அது மற்ற ஆடுகளோடு ஒரே தொட்டியில் நீர் குடித்து, ஒரே தழையைக் கடித்து, ஒரே கூரையின்கீழ் மூச்சு விட்டிருக்கும். பிறகு யாரைக் குறை கூறுவது?

ஆட்டம்மை, கால் வாய் காணை, சொறி, உண்ணி, குளம்பழுகல் ஆகியவையும் இவ்வழியே வீடு புகுகின்றன. குடற்புழுவோ கண்ணுக்குத் தெரியாமல் புழுக்கையோடு வந்து, மேய்ச்சல் நிலத்திலேயே குடியேறிவிடுகிறது. கன்று வீச்சை உண்டாக்கும் புருசெல்லா நோய் ஆட்டிலிருந்து மனிதருக்கும் தொற்றக் கூடியது. ஆதலின் புதிய ஆடு குட்டியை வீசினால், வீசிய குட்டியையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்க வேண்டும். அதன் பாலைக் காய்ச்சாமல் அருந்தலாகாது.

பரிகாரம் எளியது. புதிய ஆட்டை மூன்று வாரம், அதாவது 21 நாட்கள், தனியே காவலில் வைக்க வேண்டும். பட்டிக்குள் ஒரு தட்டி மறைப்பு வைப்பது போதாது. மூக்கும் மூக்கும் தொடாத தூரத்தில், வேறு மரத்தடியிலோ கொட்டகையிலோ கட்டுவதே முறை. தொட்டியும் தீனிக் கூடையும் வேறாக இருத்தல் வேண்டும். முதலில் பழைய மந்தையைக் கவனித்துவிட்டுப் பின்னரே புதிய ஆட்டிடம் செல்ல வேண்டும். திரும்பும்போது கைகால்களைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். முதல் நாளில் நீரும் பசுந்தழையும் வைக்கோலும் போதும். களைத்த ஆட்டுக்குத் தானியத்தை அள்ளி வைப்பது செரியாமையையும் துள்ளுமாரி நோயையும் விலைக்கு வாங்குவதாகும். கீழிமையைத் தாழ்த்திப் பார்த்து, அது வெளிறியிருந்தால் குடற்புழுவைச் சந்தேகிக்கலாம். கால்நடை வைத்தியரைக் கேட்டுப் புழு மருந்து கொடுத்து, பின் இரண்டு நாள் மேய்ச்சலுக்கு விடாமல் கட்டிவைப்பது உசிதம். நாள்தோறும் கண், மூக்கு, வாய், புழுக்கை, நடை ஆகிய ஐந்தையும் பார்த்தாலே போதும்; சந்தேகம் தோன்றினால் கால்நடை மருந்தகத்துக்கு அன்றே தெரிவிக்க வேண்டும்.

‘இடமில்லை’ என்பது சிலர் கூறும் ஆட்சேபம். இரண்டு ஆட்டைக் கட்ட ஒரு வேப்பமரத்து நிழல் போதும். ‘தனியே கட்டினால் கத்தும்’ என்பது வேறொன்று. உண்மையே, ஆனால் இரண்டு நாள் கத்தலைப் பொறுக்காதவர் பட்டி முழுதும் முனகுவதைக் கேட்க நேரிடலாம். ‘ஊசி போட்ட ஆடு என்று விற்றவர் சொன்னார்’ என்பது மூன்றாவது. சொல்லை நம்பிப் பட்டியைத் திறக்கலாகாது. ஆட்டுக்கொல்லிக்கு நல்ல தடுப்பூசி உண்டு. அரசூரில் பிரித்தெடுத்த நச்சுயிரியிலிருந்தே அவற்றுள் ஒன்று ஆக்கப்பட்டது. எனினும் ஊசி போட்டபின் எதிர்ப்புச் சக்தி உண்டாக ஏறக்குறைய இரண்டு வாரம் செல்லும். ஏற்கெனவே கிருமி புகுந்த ஆட்டை அது காப்பாற்றும் என்று நம்பவும் முடியாது. ஆகையால் புதிய ஆடு வருமுன்பே வீட்டு மந்தைக்கு ஊசி போட்டு வைப்பதுதான் விவேகம்.

இறுதியாக ஒரு வார்த்தை. பட்டியில் இரண்டு ஆடு படுத்தவுடன் மற்றவற்றை வந்த விலைக்குச் சந்தையில் தள்ளிவிடுவாரும் உளர். நஷ்டத்துக்கு அஞ்சிச் செய்யும் காரியம் அது. ஆயினும் தன் வீட்டுத் தீயை அயலான் கூரைமேல் எறிவதற்கு ஒப்பாகும். இன்று விற்பவர் நாளை வாங்குபவர். அவர் அனுப்பிய நோய் அவரிடமே திரும்பி வரவும் கூடும். வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டில் உலகத்தை விட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் ஒழிக்க வேண்டுமென்று உலக நாடுகள் நோக்கம் கொண்டிருக்கின்றன. அந்நோக்கம் ஊசியால் மட்டும் நிறைவேறாது. ஆடு வாங்கும் ஒவ்வொருவரும் மூன்று வாரம் பொறுத்திருந்து, நோயுற்ற பட்டியிலிருந்து ஒரு குட்டியைக்கூட வெளியே விடாதிருந்தால்தான் அது கைகூடும்.